கூண்டு மூலையில் ஒடுங்கி நிற்கும் புதுக் கிளி.. பயத்தைப் போக்குவது எப்படி? முதல் 30 நாளில் கவனிக்க வேண்டியவை!

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையிலோ, பக்கத்துத் தெரு பெட் ஷாப்பிலோ ஆசை ஆசையாக ஒரு குட்டிக் கிளியை வாங்கி வருகிறோம். கடையில் மற்ற கிளிகளோடு துறுதுறுவென இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கூண்டின் பின்மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. கை பக்கத்தில் போனால் படபடவென்று கம்பியில் மோதுகிறது. வைத்த சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கடைக்காரர் ஏமாத்திட்டாரா?", "நம்மளைப் பிடிக்கலையா?", "கையில பிடிச்சு தடவிக் கொடுத்தா சரியாகிடுமா?" என்று வீட்டில் ஆளுக்கொரு கேள்வி.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ஒன்றுதான்.. பயம். அந்தப் பயம் தெளிய முதல் சில நாட்களில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, கிளியை ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். கேட்க சுலபமாக இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது!

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பயத்தில் சும்மா இருக்கும் கிளியும், உடம்பு சரியில்லாமல் சும்மா இருக்கும் கிளியும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி தெரியும். முதல் கிளிக்குத் தேவை பொறுமை. இரண்டாவது கிளிக்குத் தேவை டாக்டர். எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும்? தாம்பரம், சேலையூர், பம்மல், பெருங்களத்தூர் என தென்சென்னை புறநகர் வீடுகளை மனதில் வைத்து விரிவாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கிளி?

பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, ஆணுக்குக் கழுத்தில் வளையம். இது நம்ம ஊர் பச்சைக்கிளி. இதைவிடப் பெரிதாக, தோளில் சிவப்புத் திட்டோடு இருப்பது அலெக்சாண்ட்ரின் எனப்படும் பெரிய பச்சைக்கிளி. இரண்டையும் வீட்டில் வளர்க்கவோ, வாங்கவோ, விற்கவோ கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் இது குற்றம். "எங்க தாத்தா காலத்துல வளர்த்தோமே" என்பதெல்லாம் பதிலாகாது.

நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் வளர்க்கப்பட்ட 2 அலெக்சாண்ட்ரின் கிளிகளை 2023 பிப்ரவரியில் வனத்துறை பறிமுதல் செய்து, 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது பலருக்கும் நினைவிருக்கும். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில், கடலூர் வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு ஜோசியம் சொன்ன கிளிகளையும் வனத்துறை விட்டுவைக்கவில்லை. ஜோசியரிடம் இருந்து அவை மீட்கப்பட்டன.

உங்களிடம் பச்சைக்கிளி இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி. 'பாவம், போகட்டும்' என்று மொட்டை மாடியில் திறந்துவிடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடம் இருந்து தப்பிக்கவும் தெரியாது.

சரி, எதை வளர்க்கலாம்? வெளிநாட்டு இனங்களான பட்ஜெரிகர், காக்டெயில், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், கான்யூர் போன்றவை கடைகளில் கிடைக்கின்றன. நம்ம ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர்தான். அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா.

வெளிநாட்டுக் கிளி என்றாலும் ஒரு கணக்கு உண்டு. சன் கான்யூர், ஆப்பிரிக்கன் கிரே போன்ற, சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பட்ஜெரிகரும் காக்டெயிலும் அந்தப் பட்டியலில் இல்லை. வாங்கும்போதே பில், பறவையின் விவரம், பதிவு எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கிளி ஏன் இவ்வளவு பயப்படுகிறது?

நாயும் பூனையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பழகியவை. கிளி அப்படி இல்லை. கூண்டில் பிறந்த காக்டெயிலின் புத்தியும் உடம்பும் கிட்டத்தட்ட காட்டுப் பறவையின் புத்தியும் உடம்பும்தான்.

காட்டில் கிளி ஒரு இரை. மேலே இருந்து பாயும் பருந்து, கிளையில் ஏறி வரும் பாம்பு.. எந்த நேரமும் எதிரி வரலாம். அதனால்தான் அதன் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சுற்றி நடப்பதில் பெரும்பகுதி அதற்குத் தெரியும். மேலே இருந்து கீழே இறங்கும் கை, நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கும் இரண்டு கண்கள், வேகமாக நெருங்கும் பெரிய உருவம்.. நாம் கொஞ்ச வருகிறோம், கிளிக்கோ அது பருந்து வருகிற மாதிரி.

இன்னொன்று, கிளி கூட்டத்தில் வாழ்கிற பறவை. நேற்று வரை கூடப் பிறந்தவை பக்கத்தில் இருந்தன. அட்டைப் பெட்டியில் போட்டு, பைக்கில் ஜி.எஸ்.டி. சாலை ஹாரன் சத்தத்துக்கு நடுவே கொண்டு வந்து, தெரியாத வீட்டில் தனியாக விட்டிருக்கிறோம். அது மூலையில் ஒடுங்காமல் என்ன செய்யும்?

பயமா? நோயா? இப்படிக் கண்டுபிடிக்கலாம்

பயந்த கிளி பொதுவாக இறகுகளை உடம்போடு ஒட்டி, கழுத்தை நீட்டி, ஒல்லியாகத் தெரியும். கண் விரிந்திருக்கும். அசையாமல் நிற்கும், அல்லது உங்களைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருக்கும். காக்டெயில் என்றால் கொண்டை நெட்டுக்குத்தலாக நிற்கும், பாம்பு மாதிரி சீறவும் செய்யும். நீங்கள் அறையை விட்டுப் போனதும் கொஞ்ச நேரத்தில் இயல்பாகி, கொறிக்க ஆரம்பிக்கும். இதற்குக் காத்திருந்தால் போதும்.

உடம்பு சரியில்லாத கிளி வேறு மாதிரி. இந்த அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்:

• நாள் முழுக்க இறகை பந்து மாதிரி உப்பி வைத்து, கண் சொருகிக்கொண்டே இருப்பது

• கம்பில் ஏறாமல் கூண்டின் தரையிலேயே உட்கார்ந்திருப்பது

• ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவது

• மூக்கிலோ கண்ணிலோ நீர் வடிவது, வாந்தி

• எச்சம் தண்ணீராகவே போவது, அல்லது ரொம்பக் குறைந்துவிடுவது

நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும். பச்சை அல்லது பழுப்பு நிறக் கெட்டிப் பகுதி, வெள்ளைப் பகுதி, கொஞ்சம் தண்ணீர். கூண்டு அடியில் வெள்ளைத் தாள் விரித்தால் இது தெளிவாகத் தெரியும். தினமும் தாளை மாற்றும்போது ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

காட்டில் சோர்ந்து தெரியும் பறவைதான் முதலில் வேட்டையாடப்படும். அதனால் நோயைக் கடைசி வரை மறைப்பது கிளியின் இயல்பு. நம் கண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும்போதே நிலைமை முற்றியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

தட்டு நிறைய இருக்கு.. ஆனா கிளி பட்டினி!

புதிதாக வளர்ப்பவர்கள் பலர் கோட்டை விடும் இடம் இது. கிளி தானியத்தை உரித்து உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, உமியைத் தட்டிலேயே போட்டுவிடும். பார்த்தால் தட்டு நிறைந்த மாதிரியே இருக்கும். 'சாப்பாடு இருக்கே' என்று நாமும் புதிதாகப் போடாமல் விட்டுவிடுவோம். தினமும் தட்டை வெளியே எடுத்து லேசாக ஊதிப் பாருங்கள். உமி பறந்த பிறகு மிச்சம் என்ன என்று தெரிந்துவிடும்.

உமியே இல்லை, எச்சமும் மிகக் குறைவு என்றால் கிளி சாப்பிடவில்லை என்று அர்த்தம். பட்ஜெரிகரின் மொத்த எடையே 30 முதல் 40 கிராம்தான். காக்டெயில் சுமார் 100 கிராம். இவ்வளவு சின்ன உடம்பில் சேமிப்பு கிடையாது. ஒரு முழு நாள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு வீட்டில் இருந்தால், கிளி கொஞ்சம் பழகிய பிறகு தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைக்கலாம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது எச்சரிக்கை மணி.

எல்லா கால்நடை மருத்துவர்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் தாம்பரத்தில் இருந்து டிராஃபிக்கில் போய்ச் சேருவதற்குள் நேரம் ஓடிவிடும். அதனால் உங்கள் பகுதியில் பறவைக்கு வைத்தியம் பார்ப்பவர் யார் என்று கிளி வாங்குவதற்கு முன்பே விசாரித்து, நம்பரை போனில் சேமித்து வையுங்கள்.

குட்டிக்கு ஊட்டி வளர்த்தால் பாசமாக இருக்குமா?

"இறகு முளைக்காத குட்டியா வாங்கி, சிரிஞ்சில் ஊட்டினா நல்லா பழகும்" என்று சில கடைகளில் சொல்வார்கள். நம்பி வாங்காதீர்கள். ஊட்டும் கலவையின் சூடு கொஞ்சம் கூடினாலும் குட்டியின் இரைப்பை வெந்துவிடும். மூச்சுக்குழாயில் போனால் உயிரே போய்விடும். தானாகச் சாப்பிடக் கற்றுக்கொண்ட கிளியைத்தான் வாங்க வேண்டும். காக்டெயிலுக்கு அதற்கு சுமார் 8 முதல் 10 வாரம் ஆகும். கடையில் உங்கள் கண் முன்னால் அது தானியம் உரித்துச் சாப்பிடுகிறதா என்று நின்று பார்த்து வாங்குங்கள்.

கூண்டை எங்கே வைப்பது?

கிளிக்கு முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கம் இருந்து ஆபத்து வருமோ என்று அது பதறிக்கொண்டே இருக்கும். ஹாலில் ஒரு மூலை, உங்கள் நெஞ்சு உயரம் அல்லது கண் உயரம். இதுதான் நல்ல இடம். கூண்டின் ஒரு பக்கத்தைப் பருத்தித் துணியால் பாதி மூடி வைத்தால், பயந்தால் ஒளிந்துகொள்ள ஒரு இடம் கிடைத்த மாதிரி இருக்கும்.

டி.வி.க்குப் பக்கத்தில் வேண்டாம். ஏ.சி. காற்று நேராகப் படும் இடமும், மதிய வெயில் அடிக்கும் ஜன்னலோரமும் வேண்டாம். பால்கனி கூடவே கூடாது. காக்கை கம்பி வழியாகவே கொத்திவிடும். பூனையும் எலியும் வரும். சிட்லபாக்கம், மாடம்பாக்கம் மாதிரி ஏரியை ஒட்டிய பகுதிகளில் மழைக்காலத்தில் பாம்பு வருவதும் உண்டு.

வட்டக் கூண்டைவிடச் சதுரக் கூண்டு நல்லது. உயரத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் கிளி பக்கவாட்டில்தான் பறக்கும். கம்பிகளுக்கு நடுவே தலை நுழையக் கூடாது. துருப்பிடித்த, பூச்சு உரிகிற கூண்டைக் கொறித்தால் உடம்பில் விஷம் ஏறும். உட்கார ஒரே அளவு பிளாஸ்டிக் குச்சி மட்டும் போதாது. மருந்து அடிக்காத கொய்யா, வேப்பங்கிளையைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். காலுக்கும் நல்லது, கொறிக்கவும் ஆகும்.

முதல் 3 நாள்: சும்மா இருங்கள்!

கிளி வருவதற்கு முன்பே கூண்டு, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் தயாராக இருக்கட்டும். கொண்டு வந்த பெட்டியின் வாயைக் கூண்டுக் கதவோடு சேர்த்துப் பிடித்துக் காத்திருங்கள். தானாக உள்ளே போகட்டும்.

அடுத்த மூன்று நாளுக்கு, சாப்பாடும் தண்ணீரும் வைப்பது, தாள் மாற்றுவது தவிர கூண்டுக்குள் கை போகக் கூடாது. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது, ஃபிளாஷ் போட்டு ரீல்ஸ் எடுப்பது எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.

குழந்தைகளுக்கு 'தொடாதே' என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டில் கிளி எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்குக் கத்தியது என்று எழுதச் சொல்லுங்கள். அவர்களும் அமைதியாக உட்காருவார்கள், டாக்டரிடம் போனால் அந்த நோட்டும் உதவும்.

சாப்பாட்டையும் உடனே மாற்றாதீர்கள். கடையில் என்ன போட்டார்கள் என்று கேட்டு, அதையே முதல் வாரம் கொடுங்கள். வீடும் புதிது, ஆளும் புதிது. சாப்பாடாவது பழையதாக இருக்கட்டும்.

4-ம் நாளில் இருந்து: பக்கத்தில் உட்காருங்கள்

கூண்டுக்கு ஆறடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, உங்கள் வேலையைப் பாருங்கள். பேப்பரைச் சத்தமாகப் படிக்கலாம், கீரை ஆயலாம், போனில் மெதுவாகப் பேசலாம். கிளியை நேராக முறைக்க வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்து, அவ்வப்போது மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்துங்கள். கிளி உடம்பை ஒல்லியாக்கி நிமிர்ந்தால் ஒரு அடி பின்னால் போய்விடுங்கள்.

கூண்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். "வந்துட்டேன்டா தங்கம்" என்பது போல எதுவாக இருந்தாலும் சரி. அந்தக் குரல் கேட்டால் ஆபத்து வராது, சாப்பாடுதான் வரும் என்று அதற்குப் புரிய வேண்டும்.

2-வது வாரம்: தினைக் கதிர் தரும் தைரியம்

தினைப்புனத்தில் கிளி ஓட்டிய வள்ளியின் கதை நமக்குத் தெரியும். கிளி அவ்வளவு விரும்பும் அந்தத் தினையைத்தான் இன்று உலகம் முழுக்கப் பறவை வளர்ப்பவர்கள் கதிரோடு கொடுத்துக் கிளியைப் பழக்குகிறார்கள். பெட் ஷாப்களில் காய்ந்த தினைக் கதிர் கிடைக்கும். இதைத் தட்டில் போடாதீர்கள். உங்கள் கையில் இருந்து மட்டுமே கிடைக்க வேண்டும்.

முதல் கட்டம்: கம்பிக்கு வெளியே இருந்து நீளமான கதிரை நீட்டிப் பிடியுங்கள். அசையாதீர்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வராவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி மாலையில் வாருங்கள்.

இரண்டாம் கட்டம்: கம்பி வழியாகத் தைரியமாகச் சாப்பிட ஆரம்பித்ததும், கதவைத் திறந்து கையை வாசலிலேயே நிறுத்துங்கள்.

மூன்றாம் கட்டம்: கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்தால், சாப்பிட உங்கள் விரல் வரை வந்தாக வேண்டும். பிறகு உள்ளங்கையில் வைக்கலாம்.

நான்காம் கட்டம்: விரலைக் கிளியின் கால்களுக்குச் சற்று மேலே, வயிற்றுப் பக்கம் மெதுவாக நீட்டி, மறு கையில் தினையைக் காட்டுங்கள். தானாக ஏறும். ஏறியதும் "ஏறு" என்று சொல்லிப் பழக்கிவிடலாம்.

ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். ஒரே ஒரு விதி: கிளி பின்னால் சாய்ந்தால் உங்கள் கையும் பின்னால் வர வேண்டும். 'வேண்டாம்' என்று உடம்பால் சொன்னால் கேட்கிறார்கள் என்று தெரிந்த கிளி, கடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகும். கேட்காத வீட்டில்தான் கடி அதிகம்.

கடித்துவிட்டால் கத்தாதீர்கள், கையை உதறாதீர்கள், மூக்கில் தட்டாதீர்கள். அமைதியாகக் கையை எடுத்துவிட்டு, அன்றைக்கு முந்தைய கட்டத்துக்கே திரும்பிப் போங்கள்.

துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்து 'பழக்குவது' வேண்டவே வேண்டாம். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டிவிடும். இறகை வெட்டுவதாலும் பயம் போகாது. தப்பி ஓட வழியில்லாமல் போகும், அவ்வளவுதான்.

என்ன கொடுக்கலாம்? என்ன கூடாது?

முதல் வாரம் தாண்டியதும் மெதுவாகப் புதுச் சாப்பாடு சேர்க்கலாம். தினை, கம்பு, சாமை, குதிரைவாலி, முளைகட்டிய பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, கேரட், பச்சைச் சோளம், கொய்யா, வேலியில் பழுக்கும் கோவைப்பழம் எல்லாம் நல்லது. பச்சை மிளகாயும் சாப்பிடும், பறவைகளுக்கு அந்தக் காரம் தெரியாது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், எப்போதாவது கொடுத்தால் போதும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு தொங்கவிடுங்கள்.

கூடாதவை: அவகாடோ எனும் பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, மிக்சர் முறுக்கு போன்ற உப்புப் பண்டங்கள். கிளிக்குப் பால் சாதம் ஊட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் பால் பறவைகளுக்குச் செரிக்காது.

ரயில், விமானம், பட்டாசு.. சத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

தாம்பரம் ரயில் பாதையை ஒட்டிய வீடுகளில் மின்சார ரயில் சத்தம். பொழிச்சலூர், பம்மல் பக்கம் தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானங்கள். சேலையூர் பக்கம் விமானப் படைப் பயிற்சி விமானங்கள். தினமும் கேட்கும் சத்தத்துக்குக் கிளி சில வாரங்களில் பழகிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் பதறாமல் இயல்பாகப் பேசிக்கொண்டு இருந்தாலே அதற்கும் தைரியம் வரும்.

திடீர்ச் சத்தம்தான் ஆபத்து. குறிப்பாகக் காக்டெயில்கள் ராத்திரியில் சின்னச் சத்தத்துக்கும், சுவரில் பல்லி ஓடினால்கூட, மிரண்டு இருட்டில் கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். இறகு முறிந்து ரத்தம் வரலாம். இதைத் தவிர்க்க ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். கரண்ட் போனாலும் எரிகிற எமர்ஜென்சி விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. மிரண்டால் லைட்டைப் போட்டு, கையை உள்ளே விடாமல், குரலால் மட்டும் சமாதானப்படுத்துங்கள். கிளிக்கு 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ராத்திரி 11 மணி வரை சீரியல் ஓடும் ஹாலில் கூண்டு இருந்தால், இரவில் உள் அறைக்கு மாற்றிவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் புதுக் கிளி வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், அந்த நாட்களில் ஜன்னல் சாத்திய உள் அறையில், மூன்று பக்கம் துணி போட்டு, மெலிதாக ரேடியோ ஓடவிடுங்கள்.

அடுத்து மழை. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. கையில் தூக்கும் சின்னக் கூண்டு ஒன்றும், ஒரு வாரத் தானியமும் அக்டோபருக்கு முன்பே தயாராக இருக்கட்டும். கிளி அந்தச் சின்னக் கூண்டுக்குள் போய் வரப் பழகியிருந்தால் அவசரத்தில் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது.

கோடையில் வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பை விட்டு விலக்கி வைத்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, குளிக்க ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி: புகை

கிளியின் நுரையீரல் காற்றில் உள்ளதை நம்மைவிட வேகமாக உறிஞ்சும். அடுப்பில் மறந்துபோய் அதிகம் காய்ந்த நான்-ஸ்டிக் தவாவின் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. கொசுவத்திச் சுருள், கரப்பான் ஸ்பிரே, சாம்பிராணி, ஊதுபத்தி, பெயின்ட் வாடை எதுவும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். கொசுவுக்கு ஜன்னலில் வலை அடிப்பதே நல்லது. தெருவில் மாநகராட்சி கொசு மருந்துப் புகை அடிக்க வந்தால் ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள்.

வெளியே விடும் முன்..

விரலில் ஏறி இறங்கப் பழகிய பிறகுதான் கூண்டுக்கு வெளியே. ஃபேன் ஆஃப், ஜன்னல் கதவு சாத்தியாச்சா, கண்ணாடிக்குத் துணி போட்டாச்சா, தண்ணீர் வாளியும் டாய்லெட்டும் மூடியாச்சா, அடுப்பு அணைந்திருக்கிறதா.. இந்த ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஓடும் சீலிங் ஃபேனில் அடிபட்டால் கிளி பிழைப்பது கஷ்டம்.

ஒரு கிளியா? ஜோடியா?

ஒற்றைக் கிளி ஆளோடு சீக்கிரம் பழகும், உண்மைதான். ஆனால் நாள் முழுக்க வீட்டில் யாரும் இல்லாமல், எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் அது தனிமையில் வாடும். தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் அளவுக்குப் போவதும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஜோடிதான் நல்லது. பின்னால் வாங்கும் கிளியை 30 நாளாவது வேறு அறையில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

வீட்டு ஆட்களின் உடம்பும் முக்கியம். கிளியிடம் இருந்து சிட்டகோசிஸ் எனும் நுரையீரல் தொற்று பரவலாம். காய்ந்த எச்சத்தைக் கூட்டித் தூசி கிளப்பாமல், தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், 'வீட்டில் கிளி இருக்கு' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எத்தனை நாளில் பழகும்?

சில கிளிகள் இரண்டு வாரத்தில் விரலில் ஏறிவிடும். சிலதுக்கு மூன்று மாதம்கூட ஆகும். முன்பு யாராவது துரத்திப் பிடித்துப் பயமுறுத்தியிருந்தால் இன்னும் அதிகம். பக்கத்து வீட்டுக் கிளியோடு ஒப்பிட வேண்டாம். நேற்றைய நாளோடு மட்டும் ஒப்பிடுங்கள். நேற்று நீங்கள் வந்ததும் சாப்பிடுவதை நிறுத்திய கிளி, இன்று நிறுத்தவில்லை என்றால் அதுவே பெரிய முன்னேற்றம்.

பேசுவதையும் விசில் அடிப்பதையும் வைத்துக் கிளி பழகிவிட்டதா என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் முன்னால் இறகைக் கோதுகிறதா, ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மூக்கை மெல்ல அரைக்கிறதா, பிறகு கண்ணை மூடுகிறதா என்று பாருங்கள். எந்நேரமும் எதிரிக்குப் பயந்து விழித்திருக்கும் ஒரு உயிர், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தூங்குகிறது என்றால், அதன் பயம் தெளிந்துவிட்டது.